என்கிட்டயே இருக்கட்டும்

சென்ற டிசம்பரில் எங்கள் குடியிருப்போர் சங்கம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஒரகடம் சாலையில் லாரிகள் கிளப்பும் புழுதிக்குச் சற்று உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் அடுக்குமாடி வளாகத்தில் 'ஐரோப்பியக் கிறிஸ்துமஸ் சந்தை' நடக்கப் போகிறதாம். நடந்தது. தெர்மகோலில் கடைகள் கட்டினார்கள். சோப்பு நுரையைப் பனி என்று ஊதினார்கள். பூப்பந்து மைதானம் வழுக்கி, பொருளாளர் உட்கார்ந்தபடியே ஒரு சுற்று வந்தார். செயலாளரின் மனைவி காகிதக் கோப்பையில் கிராம்பும் பட்டையும் போட்டுக் கொதிக்கவைத்த திராட்சை ரசத்தை என்னிடம் நீட்டினார். வாசனை மூக்கில் ஏறியதும் நான் இரண்டடி பின்னால் நகர்ந்துவிட்டேன்.

அந்த அம்மாள் மேல் குற்றமில்லை. பண்டிகை மேல் சற்றும் இல்லை. என்னைப் பொறுத்தவரை அது ஒரு மேசை இழுப்பறையின் வாசனை.

இழுப்பறைக்கு உரியவர், நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆலையில் உற்பத்திப் பிரிவின் தலைவர். வாகனங்களுக்குப் பல்சக்கரம் செய்யும் ஆலை. அவர் பெயர் எதற்கு? பெயரைச் சொன்னால் அதையும் வாங்கி வைத்துக்கொள்வார். இஸ்திரி கலையாத சட்டை, யாரையும் கடிந்து பேசாத குரல், குழந்தையுடையதைப் போன்ற சின்ன, மெத்தென்ற கைகள். முதல் பார்வைக்கு மரியாதை வரும். இழுப்பறை திறக்கும்வரை அது நிற்கும்.

"என்கிட்டயே இருக்கட்டும், பத்திரமா இருக்கும்." இதுதான் அவருடைய வாக்கியம். கூட்டத்தில் நீங்கள் மேசைமேல் வைத்த பேனாவைப் பார்த்துச் சொல்வார். மழை விட்டபின் மூலையில் சாத்திய குடையைப் பார்த்துச் சொல்வார். ஸ்டோர்ஸ் குமாஸ்தா தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவைத்து முகம் கழுவப் போய்த் திரும்பியபோது, கண்ணாடி பத்திரமாகிவிட்டிருந்தது. கேட்டால் கொடுக்க மாட்டேன் என்று சொல்லவே மாட்டார். "எங்க போயிடப் போகுது?" என்பார். கேட்டவர் தன்னைத்தான் அற்பமாக உணர்ந்து திரும்புவார்.

திருடர் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுலபம். திருட்டுக்கு நடைமுறை இருக்கிறது: விளக்கம் கேட்டுக் குறிப்பாணை, விசாரணை அதிகாரி, பணிநீக்கம். இவர் எதையும் விற்றதில்லை. வீட்டுக்கும் அதிகம் கொண்டுபோனதில்லை. வைத்துக்கொள்வார், அவ்வளவுதான். எந்தக் காகிதம் எந்தக் கோப்பில் இருக்க வேண்டும், எந்தக் கோப்பு எந்த அலமாரியில், யார் கையெழுத்துப் போட்டால் வெளியே வரும் என்று ஆலை முழுவதற்கும் விதி எழுதியவன் நான். அந்த ஒரு இழுப்பறைக்கு மட்டும் என்னால் விதி எழுத முடியவில்லை.

ஒருமுறை அவர் ஊரில் இல்லாதபோது தணிக்கைக்காக அதைத் திறந்தோம். விமானத்தில் கொடுக்கும் தக்காளிச் சாஸ் பொட்டலங்கள், சில வெடித்து ஒழுகி, கறுத்து, இறுகிப்போயிருந்தன. ஓட்டல் சோப்பு ஒன்று, யாருடையதோ ஒரு நீளமான முடியுடன். பாதி தின்ற பிஸ்கட்டை மடித்த காகிதம், அதற்குள் எறும்புகளின் தனி நிர்வாகம். பல் குத்திய பிறகு, மறுபடி குத்தலாம் என்று உலரவைத்த குச்சிகள். தணிக்கைக்கு வந்த பெண் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுல நம்ம டாக்குமென்ட் எதுவும் இல்ல சார்" என்று மூடினாள். அப்போது இல்லைதான்.

ஆயுத பூஜைக்கு ஆட்களுக்கெல்லாம் லட்டுப் பெட்டி வந்தது. இரவு ஷிப்டுக்கான பங்கை, "என்கிட்டயே இருக்கட்டும், நாளைக்குக் கொடுத்துக்கலாம்" என்று தன் அறையில் அடுக்கச் சொன்னார். இரவு ஷிப்டுக்காரர்களுக்கு அந்த நாளை வரவேயில்லை. தீபாவளிக்கு அதே பெட்டிகள் சப்ளையர்களுக்குப் பரிசாகப் போயின. தண்டலத்திலிருந்து போல்ட் கொண்டுவரும் பெரியவர் ஒருவர் என் முன்னாலேயே பிரித்தார். லட்டின்மேல் பச்சையாகப் பூஞ்சை பூத்திருந்தது.

"இன்னா சார் இது, லட்டுக்கெல்லாம் பெயின்ட் அடிச்சிக் குடுக்கறீங்க?" என்று கேட்டுவிட்டு, பெட்டியை என் மேசையிலேயே விட்டுப் போனார். அதை நான் என்ன செய்வேன்? குப்பைத் தொட்டியில் போட்டேன். மாலையில் தொட்டியில் அது இல்லை. அதற்குமேல் நான் யோசிக்க விரும்பவில்லை.

இவருடன்தான் ஜெர்மனிக்குப் போனேன்.

புதிதாக வாங்கிய கிரைண்டிங் மெஷினை, செய்த இடத்திலேயே ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு அவர். காகிதங்களைச் சரிபார்க்க நான். மூன்றாவது ஆள் ஏகாம்பரம். படப்பைக்கு அந்தப் பக்கம் ஊர். ஐ.டி.ஐ. படித்துவிட்டு வந்து பல வருடங்களாக ஆபரேட்டர். அங்கே பயிற்சி முடித்து வந்தால் அவன்தான் புது மெஷினுக்கு செட்டர். ஆபரேட்டர் பொத்தானை அழுத்துகிறவன். செட்டர் மெஷினுக்கு வேலை சொல்லித் தருகிறவன். அந்த ஒரு படிக்காக ஏகாம்பரம் தலைமுடி நரைக்கும்வரை காத்திருந்தான்.

வெளிநாட்டுப் பயிற்சி என்றால் பாண்டு எழுத வேண்டும்: திரும்பி வந்தபின் மூன்று வருடம் வேறெங்கும் போக மாட்டேன் என்று. அடமானமாக அசல் சான்றிதழ்களைக் கேட்டார்கள். அசலை வாங்கி வைப்பதே முறையல்ல, நகல் போதும் என்று நான் எழுதிக் கொடுத்தேன். என் குறிப்பை முறைப்படி பெற்றுக்கொண்டு, முறைப்படி ஒதுக்கிவைத்தார்கள். சரி, மனிதவளப் பிரிவின் இரும்பு அலமாரிக்காவது போகட்டும் என்றால், அவர் அந்தப் பிளாஸ்டிக் உறையை ஏகாம்பரத்தின் கையிலிருந்தே வாங்கிக்கொண்டார்.

"என்கிட்டயே இருக்கட்டும்யா. பத்திரமா இருக்கும்."

ஸ்டுட்கார்ட்டில் காலையில் இறங்கினோம், பிற்பகலிலேயே இருட்டிவிட்டது. தாம்பரத்தில் வாங்கிய ஸ்வெட்டரின்மேல் இன்னொரு ஸ்வெட்டர் போட்டிருந்த ஏகாம்பரம், "இன்னா சார் இது, காலைல இருந்து சாயந்தரமாவே கீது" என்றான். மெஷின் கம்பெனியில் ஹெல்கா என்று ஒரு நடுவயது அம்மாள் பயிற்சி கொடுத்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. இவனுக்கு ஜெர்மன் தெரியாது. இரண்டு பேருக்கும் தெரிந்த இங்கிலீஷ் ஒரு உள்ளங்கை அளவு. ஆனால் முதல் நாள் மதியத்துக்குள் இருவரும் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒரே நேரத்தில் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். "அந்தம்மாக்கு எல்லாம் விரல்லயே கீது சார்" என்றான், சாப்பாட்டு மேசையில், முகமெல்லாம் வெளிச்சமாக.

அன்று மாலை மெஷின் கம்பெனிக்காரர்கள் எங்களைக் கிறிஸ்துமஸ் சந்தைக்கு அழைத்துப் போனார்கள். உண்மையைச் சொன்னால் அழகான இடம். பழைய அரண்மனையைச் சுற்றி வரிசையாக மரக் கடைகள். ஒவ்வொரு கூரையின்மேலும் ஊசியிலைக் கிளைகள், பொம்மைகள், விளக்குகள். வறுத்த பாதாம், கம்பியில் சுடும் சாசேஜ், மசாலா போட்டுச் சூடாக்கிய ஒயின். வேலை விட்டு வந்தவர்கள் நின்றபடியே குடித்துக்கொண்டு, மூச்சுப் புகைய, சத்தமில்லாமல் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒயினைப் பீங்கான் கோப்பையில் தருகிறார்கள். கோப்பைக்கென்று ஒரு முன்பணம் பிடித்துக்கொள்கிறார்கள். குடித்துவிட்டுக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தால் பிடித்ததை அந்த நொடியே திருப்பித் தந்துவிடுகிறார்கள். சிலர் கோப்பையை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவதும் உண்டு.

அதை அவர் கண்டுகொண்டார்.

அந்த நிமிடத்தில் அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உலகம் முழுக்கத் தனக்காக விட்டுவைக்கப்பட்ட பொருள்களால் ஆனது என்று ஒருவருக்கு நிரூபணமானால் முகம் எப்படி இருக்கும்? அப்படி. மேசை மேசையாகப் போனார். உதட்டுச் சாயம் பதிந்த கோப்பை, அடியில் ஆரஞ்சுத் தோல் ஊறிய கோப்பை, சிகரெட் அணைத்த கோப்பை. மிச்சத்தைப் பனியில் கவிழ்த்துவிட்டு ஏகாம்பரத்தின் தோளில் தொங்கிய பைக்குள் போட்டார். ஒரு கோப்பையில் பாதிக்குமேல் இருந்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். ஆவி வருகிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். குடித்துவிட்டார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஏகாம்பரம் திருப்பவில்லை. "சார், யாரோ எச்சி சார் அது!"

"சூடு பண்ணினதுய்யா. கிருமியெல்லாம் செத்திருக்கும்."

ஏகாம்பரம் தான் குடித்த கோப்பையை மட்டும் பையில் போடாமல் கடையில் கொடுத்தான். கடைக்காரி சிரித்துக்கொண்டே ஒரு நாணயத்தை அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஒரு கேள்வி கேக்கல சார். கோப்பையத் தந்தேன், புடிச்சி வெச்சதக் குடுத்துட்டாங்கோ. நல்ல ஊரு சார்."

"அந்தக் காசு என்கிட்டயே இருக்கட்டும்" என்றார் அவர்.

மறுநாளிலிருந்து பயிற்சி பாதி நாள்தான். மாலையில் சந்தைகளில் கூட்டமாம், விட்டுவைத்த கோப்பைகளைப் பணியாட்கள் சீக்கிரம் எடுத்துவிடுகிறார்களாம். ஆகவே மதியமே கிளம்ப வேண்டும், பை தூக்க ஆள் வேண்டும். பக்கத்து ஊர்களிலும் சந்தை இருந்தது. எஸ்லிங்கனில் பழங்காலத்து உடையில் நின்று, தீப்பந்தம் ஏற்றி, மண் கோப்பையில் ஊற்றிக் கொடுக்கிறார்கள். லுட்விக்ஸ்பர்கில் விளக்குகளாலேயே பெரிய பெரிய தேவதைச் சிறகுகள் கட்டியிருக்கிறார்கள். எந்த ஊரின் கோப்பையிலும் அந்த ஊரின் படம். அவருக்கு எல்லாம் வேண்டும்.

ஒரு நாள், ஹெல்கா மதியம் கிரைண்டிங் கல்லை டிரெஸ் செய்வதைச் சொல்லித் தருவதாக இருந்தாள். தேய்ந்த கல்லை வைரமுனையால் சீவி மறுபடி வடிவுக்குக் கொண்டுவருவது. செட்டரின் வேலையே அதுதான். அது தெரியாவிட்டால் மற்றதெல்லாம் வேடிக்கை பார்த்த கணக்கு. அவர் ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

ஏகாம்பரம் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். "சார், இன்னிக்கு ஒரு நாள் உட்ருங்க சார். கல்லு டிரெஸ் பண்றது காட்றாங்கோ. இதுக்குத்தான சார் வந்தேன்."

"கல்லு எங்கய்யா போயிடப் போகுது? மார்க்கெட்டை கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே மூடிடுவான்."

ஹெல்கா என்னைப் பார்த்தாள். பயிற்சி அட்டவணையை மாற்றுவதானால் இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நான் சொன்னேன். "நீங்க எழுதுங்க சார், நான் வந்து கையெழுத்துப் போடறேன்" என்று சொல்லிவிட்டு ஏகாம்பரத்தைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஹெல்கா அன்று மாலைவரை மெஷினை அணைக்காமல் வைத்திருந்தாள். அவர்கள் திரும்பவில்லை.

லுட்விக்ஸ்பர்கில் நடந்தது பிறகு ஏகாம்பரம் சொல்லி எனக்குத் தெரியும். அந்த ஊர்களில் வழியில் ஒரு கையுறை கிடந்தால், பார்த்தவர் எடுத்துப் பக்கத்து வேலிக் கம்பியின் நுனியில் மாட்டிவிட்டுப் போவார். தொலைத்தவர் தேடி வந்தால் கண்ணில் படும். ராட்டினத்துக்குப் பக்கத்து வேலியில் ஒரு குழந்தையின் சிவப்புக் கம்பளிக் கையுறை அப்படி மாட்டியிருந்ததாம். அவர் கழற்றிக்கொண்டார்.

"ஒத்தக் கையி சார். இத்தினூண்டு. நம்மூர் வெயில்ல யாருக்கு சார் அது?" என்று கேட்டான் ஏகாம்பரம்.

ஊர் திரும்பியதும் அவர் கேன்டீனில் ஒரு கிறிஸ்துமஸ் சந்தை வைத்தார். சாம்பார் அண்டாவில் திராட்சை ரசம் கொதித்தது, சாம்பார் மணத்தோடு. மைக்கைப் பிடித்து ஐரோப்பியப் பண்பாடு பற்றிப் பேசிவிட்டு, "ஜெர்மனியிலேர்ந்து உங்களுக்காக" என்று பொறுக்கியெடுத்த சிலருக்குக் கோப்பைகளைப் பரிசாகக் கொடுத்தார். எதையும் கழுவியிருக்கவில்லை. எதற்காகக் கழுவ வேண்டும், பத்திரமாகத்தானே இருந்தது? ஏகாம்பரத்துக்கும் ஒன்று கிடைத்தது. விளிம்பில் உதட்டுச் சாயம், அடியில் காய்ந்து ஒட்டிய ஆரஞ்சுத் தோல்.

"வூட்ல கேக்கறா சார், இது யாரு வாயின்னு" என்றான். "புளி போட்டுத் தேச்சா, சாம்பல் போட்டுத் தேச்சா. போவல."

பயிற்சி அறிக்கை வந்தது. அவர் கைப்பட எழுதியது. 'பயிற்சியை முழுமையாக நிறைவு செய்யவில்லை. போதிய ஈடுபாடு காணப்படவில்லை. செட்டர் பதவிக்குப் பரிந்துரைக்க இயலாது.' கல் தேயும்போதெல்லாம் வெளியாளை வரவழைத்து மெஷினை ஓட்டினார்கள். அந்த ஆள் டிரெஸ் செய்யும்போது, பக்கத்தில் பொத்தானுக்குமேல் விரலை வைத்தபடி ஏகாம்பரம் நின்றுகொண்டிருப்பான். நான் அந்த வழியாகப் போவதை நிறுத்திக்கொண்டேன்.

பிறகு அவனுக்கு மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் அழைப்பு வந்தது. செட்டர் வேலை, அவர்களே சொல்லித் தருவார்கள். அசல் சான்றிதழ்களை மட்டும் அந்த வாரத்துக்குள் காட்ட வேண்டும். வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது. இது தவறினால் வேறு எங்கும் எடுக்க மாட்டார்கள். அவன் போய் அவரிடம் கேட்டான். "பாண்டு இருக்கே ஏகாம்பரம். என்கிட்டயே இருக்கட்டும். எங்க போயிடப் போகுது?"

அவன் நேராக என் அறைக்கு வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ரூலு உங்களுக்குத்தான் சார் தெரியும். நான் இங்கியே ரிடையர் ஆவறதுதான் ரூலுன்னா சொல்லிடுங்க. வூட்ல சொல்லிடறேன்."

பாண்டை எடுத்துப் படித்தேன். வக்கீல் எழுதிய முதல் வாக்கியமே போதுமானதாக இருந்தது. பயிற்சியை நிறைவு செய்ததாகச் சான்றளிக்கப்பட்ட நாளிலிருந்துதான் அந்த மூன்று வருடம் தொடங்குகிறது. நிறைவு செய்யவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அப்படியென்றால் பாண்டு தொடங்கவேயில்லை. இதை இருமுறை சொன்னேன். அவன் மூன்றாம் முறையும் சொல்லச் சொன்னான். பிறகு, "நாளைக்குக் காலைல மீட்டிங்குக்கு வருவீங்கல்ல சார்?" என்று மட்டும் கேட்டான்.

காலைக் கூட்டம் உற்பத்தி லைனுக்குப் பக்கத்தில் அவருடைய கண்ணாடி அறையில்தான் நடக்கும். சூப்பர்வைசர்கள், மனிதவளப் பிரிவின் தலைவி, நான். கதவைத் திறந்துகொண்டு ஏகாம்பரம் வந்தான். மேசையில் அவர் முன்னால் கோப்பையை வைத்தான்.

"என்னய்யா இது?"

"கோப்ப சார். திருப்பிக் குடுக்க வந்தேன்."

"பரிசுய்யா அது. வச்சுக்கோ."

"வேணாம் சார். அந்த ஊர்ல கோப்பையத் திருப்பிக் குடுத்தா, புடிச்சி வெச்சதத் திருப்பிக் குடுத்துடுவாங்கோ. நீங்கதான கூட்டிகினு போய்க் காட்டினீங்க? கல்லு டிரெஸ் பண்ணக் கத்துக்கல. நான் கத்துக்கினது இது ஒண்ணுதான். என் சர்டிபிகேட்டக் குடுங்க சார்."

ஒரு சூப்பர்வைசர் சிரிப்பை இருமலாக மாற்றப் பார்த்தார், முடியவில்லை. "பாண்டு..." என்று உற்பத்தித் தலைவர் தொடங்கினார். நான் பாண்டின் அந்த முதல் வாக்கியத்தையும், அதன்பின் அவருடைய அறிக்கையின் வாக்கியத்தையும் வாசித்தேன். மனிதவளப் பிரிவின் தலைவி என் கையிலிருந்து காகிதத்தை வாங்கித் தானே ஒருமுறை படித்தார். "கொடுத்துடுங்க சார். நாம வச்சுக்க முடியாது."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். மெல்ல இழுப்பறையைத் திறந்தார். கிராம்பும் பட்டையும் புளித்த ஒயினும் சேர்ந்த நாற்றம் மேசைக்குமேல் எழுந்தது. கோப்பைகள், ஒன்றின்மேல் ஒன்றாக. நடுவில் அந்தச் சிவப்புக் கையுறை. எல்லாவற்றுக்கும் அடியில் ஏகாம்பரத்தின் சான்றிதழ்கள். பிளாஸ்டிக் உறையை அவர் வேறு எதற்கோ எடுத்துக்கொண்டிருந்தார். ஐ.டி.ஐ. சான்றிதழின் நடுவில், பெயருக்குச் சற்றுக் கீழே, ஒரு கோப்பையின் அடிவட்டம் கருஞ்சிவப்பாகப் பதிந்திருந்தது.

ஏகாம்பரம் அதைப் பார்த்தான். "துடைச்சா போயிடும்" என்று அவர் கட்டைவிரலை நாக்கில் நனைத்து அந்த வட்டத்தின்மேல் வைத்துத் தேய்த்தார்.

ஏகாம்பரம் சான்றிதழ்களை அவர் விரலுக்கடியிலிருந்து இழுத்துக்கொண்டான். அவர் நனைந்த விரலைச் சட்டையில் துடைத்தார். மேசைமேல் கோப்பை இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எடுத்து இழுப்பறைக்குள் வைத்து மூடினார்.

"சரி, இது என்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

அந்த வாரக் கடைசியில் ஏகாம்பரம் போன் செய்தான். பின்னால் பஸ் ஹாரன்கள்.

"சேத்துக்கினாங்க சார். செட்டரு."

"சர்டிபிகேட்டைப் பாத்து ஒண்ணும் சொல்லலையா?"

"கேட்டாங்க சார். ஒரு பெரிய ஆபீசரு, லைட்டுல தூக்கிப் புடிச்சிப் பாத்துட்டு, 'இன்னாப்பா இது, நடுவுல ரவுண்டா?'ன்னாரு."

"நீ என்ன சொன்னே?"

"ஃபாரின் டிரெயினிங் சார்னேன்."